சார்லி பிரைட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்லி பிரைட் என்பவர் யார்?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்திக் காட்டில் வளர்ந்து, பேஸ்பால் பந்துவீச்சாளராக அலைந்து, ஈயம் உருக்கும் ஆலையில் கூலிக்கு உழைத்து, முப்பது வயதைக் கடந்த பிறகு இசைத்தட்டு உலகுக்குள் நுழைந்த கறுப்பினப் பாடகர். வெள்ளையர்களின் இசை என்றே அப்போது கருதப்பட்ட கன்ட்ரி இசையில், அமெரிக்க இசைத்துறை இதழான பில்போர்டின் வெற்றிப் பாடல் பட்டியலில் 29 பாடல்களை முதலிடத்துக்குக் கொண்டுசென்றவர். 1934 மார்ச் 18 அன்று பிறந்து, 2020 டிசம்பர் 12 அன்று தம் 86ஆம் வயதில் மறைந்தார்.

கன்ட்ரி இசை என்றால் நாட்டுப்புறப் பாட்டுத்தானே?

இல்லை. பெயரைப் பார்த்து அப்படி மொழிபெயர்த்துவிடும் வழக்கம் இருக்கிறது. அது தவறான பொருளைத் தருகிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களின் கிராமத்துப் பாடல்கள், தேவாலயக் கீதங்கள், கறுப்பினத்தவரின் புளூஸ் ஆகியவற்றிலிருந்து உருவானது என்றாலும், கன்ட்ரி என்பது 1920களில் வானொலியும் இசைத்தட்டு நிறுவனங்களும் சந்தைக்காக வடிவமைத்த தொழில்முறை இசை. நாஷ்வில் நகரத்து டபிள்யூ.எஸ்.எம். வானொலியில் 1925இல் தொடங்கி, சனிக்கிழமை இரவுதோறும் ஒலிபரப்பான ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ நிகழ்ச்சி அதன் தலைமேடையாயிற்று.

இங்கே ஒரு முரணைக் குறிப்பிட்டாக வேண்டும். இந்த இசையின் அடையாளக் கருவிகளில் ஒன்றான பாஞ்சோ என்ற நரம்புக் கருவி, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் கைவழியாக அமெரிக்காவுக்கு வந்தது. ஆனால் இசைத்தட்டு நிறுவனங்கள் விற்பனை வசதிக்காகக் கறுப்பினத்தவர் இசைக்கு ஒரு வரிசை, தெற்கத்திய வெள்ளையர் இசைக்கு ஒரு வரிசை என்று பிரித்து அச்சிட்டன. இரண்டு தலைமுறைக்குள் அந்த வியாபாரப் பிரிவினையே இயற்கையான பிரிவினைபோல ஆகிவிட்டது. பிரைட்டின் வாழ்க்கை முழுவதும் இந்தக் கோட்டின் மீதுதான் நடந்தது.

அவருடைய குடும்பப் பின்னணி என்ன?

ஸ்லெட்ஜ் என்ற சிற்றூரில், வாரத்துக்குப் பயிரிடும் குடும்பத்தில், பதினொரு குழந்தைகளில் நான்காமவராகப் பிறந்தார். நிலம் பிறருடையது, விளைச்சலில் பங்கு கொடுத்து, முன்பணக் கடனையும் கழித்த பிறகு மிஞ்சுவதே உழுதவருக்கு. குழந்தைகள் அனைவரும் பருத்தி எடுத்தார்கள். தந்தை அவருக்கு ‘சார்ல்’ என்று பெயர் வைக்க நினைத்தாராம். பிறப்புப் பதிவில் எழுதியவர் ‘சார்லி’ என்று எழுதிவிட, அதுவே நிலைத்தது.

கறுப்பினச் சிறுவன் ஒருவனுக்குக் கன்ட்ரி இசை எப்படிப் பிடித்துப்போனது?

தந்தையின் வானொலிப் பெட்டிதான் காரணம். மகன்களிடம் மிகுந்த கண்டிப்புக் காட்டிய அந்தத் தந்தை, சனிக்கிழமை இரவுகளில் கிராண்ட் ஓல் ஆப்ரியைத் திருப்பிவைப்பார். ராய் அகஃப், எர்னஸ்ட் டப், ஹாங்க் வில்லியம்ஸ் ஆகியோரின் பாட்டுகள் சார்லியின் காதில் அப்படித்தான் ஏறின. பதினான்காம் வயதில் சியர்ஸ் நிறுவனத்தின் கிட்டார் ஒன்று கைக்கு வந்தது. கற்றுத்தர ஆள் இல்லாததால், வானொலியில் கேட்டதை நரம்பில் தேடித் தேடித் தாமே பழகினார்.

“அவர்களைப் போல நீ ஏன் பாடுகிறாய்?” என்ற கேள்வியைச் சிறுவயதில் சொந்த மக்களிடமிருந்தே கேட்டதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வெள்ளையர் பக்கத்திலிருந்து அதே கேள்வி வேறு தொனியில் வருவதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. வானொலிப் பெட்டிக்குள் பாடுகிறவரின் நிறம் தெரிவதில்லை என்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். இவர் கதையில் அது இரண்டு முறை தீர்மானமான பங்கு வகிக்கிறது. முதல்முறை கேட்பவராக இருந்தபோது.

அவர் உண்மையிலேயே பேஸ்பால் வீரராக இருந்தாரா?

இருந்தார், அதுவும் பொழுதுபோக்குக்காக அல்ல. 1947இல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் இறங்கி, பெரிய லீக்குகளில் இருந்த நிறத்தடையை உடைத்தபோது பிரைட்டுக்குப் பதின்மூன்று வயது. பருத்திக் காட்டிலிருந்து வெளியேறும் வழி அது என்று அந்தச் சிறுவன் முடிவுகட்டினான். 1952இல் கறுப்பினத்தவர் லீக்கைச் சேர்ந்த மெம்பிஸ் ரெட் சாக்ஸ் அணிக்குப் பந்துவீசத் தொடங்கினார். அடுத்த ஆண்டு நியூயார்க் யாங்கீஸின் கீழ்நிலை அணி ஒன்றில் இடம் கிடைத்தது. கையில் ஏற்பட்ட காயம் அந்த வாய்ப்பைப் பறித்தது.

அதன்பின் நடந்ததுதான் இவரைப் பற்றி எழுதுகிற எவரும் விடாமல் சொல்வது. லூயிவில் கிளிப்பர்ஸ் என்ற அணி, பிரைட்டையும் இன்னொரு வீரரையும் பர்மிங்காம் பிளாக் பேரன்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, கிடைத்த தொகையில் ஒரு பழைய பேருந்தை வாங்கிக்கொண்டது. பேருந்துக்கு மாற்றாக விற்கப்பட்ட ஆட்டக்காரர் வரலாற்றில் தாம் ஒருவர்தான் இருப்போம் என்று பிரைட் சிரித்துக்கொண்டே சொல்வார்.

1956இல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். அதே ஆண்டின் இறுதியில் ரோசீனை மணந்தார். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, மரணம் வரை நீடித்த மணவாழ்க்கை அது.

மொன்டானாவுக்கு ஏன் போனார்?

அதுவும் பேஸ்பாலுக்காகத்தான். 1960இல் மிசூலா நகர அணியில் சேர்ந்தவரைச் சில ஆட்டங்களிலேயே அனுப்பிவிட்டார்கள். பிறகு ஈஸ்ட் ஹெலினாவில் இருந்த ஈய உருக்காலையில் வேலைக்குச் சேர்ந்து, ஆலைத் தொழிலாளர் அணிக்கு ஆடினார். அவருடைய குரலைக் கேட்ட அணி மேலாளர் ஓர் ஏற்பாடு செய்தார்: ஆட்டம் தொடங்குமுன் கால்மணி நேரம் ஒலிபெருக்கியில் பாடினால் பத்து டாலர், ஆடினால் பத்து டாலர்.

பகலில் உலைக்களத்தின் வெப்பம், மாலையில் மைதானம், இரவில் மதுக்கூடங்களில் பாட்டு என்று சில ஆண்டுகள் ஓடின. கறுப்பினத்தவர் மிகக் குறைவாக வாழ்ந்த, பனி உறையும் வடக்கு மாநிலத்தில், வெள்ளைத் தொழிலாளர்கள் முன்னால் ஹாங்க் வில்லியம்ஸின் பாடல்களைப் பாடிப் பழகியது அவருக்குப் பெரும் பயிற்சியாயிற்று என்றே நான் கருதுகிறேன். பின்னாளில் டெக்சஸிலும் டெட்ராய்ட்டிலும் அவர் காட்டிய நிதானம் ஒரே நாளில் வந்ததாக இருக்க முடியாது.

நாஷ்வில் அவரை எப்படிக் கண்டெடுத்தது?

ரெட் ஃபோலி, ரெட் சோவைன் என்ற இரண்டு கன்ட்ரி பாடகர்கள் 1962இல் மொன்டானாவுக்கு நிகழ்ச்சிக்கு வந்தபோது இவர் பாட்டைக் கேட்டு, நாஷ்வில்லுக்கு வரும்படி ஊக்கப்படுத்தினார்கள். ஆனால் பேஸ்பால் ஆசை அப்போதும் விடவில்லை. நியூயார்க் மெட்ஸ் அணியின் பயிற்சி முகாமுக்குத் தாமாகவே போய் நின்று, திருப்பியனுப்பப்பட்டு, வீடு திரும்பும் வழியில்தான் நாஷ்வில்லில் இறங்கினார். அங்கே ஜாக் ஜான்சன் அவருக்கு மேலாளரானார். மெம்பிஸின் சன் இசைத்தட்டு நிறுவனத்தில் ஜானி கேஷ் போன்றோரின் பாடல்களில் பணியாற்றிப் பெயர் பெற்றிருந்த ஜாக் கிளெமென்ட் 1965இல் அவரை வைத்து ஒலிப்பதிவு செய்தார்.

அந்த ஒலிநாடா, ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்தின் நாஷ்வில் பிரிவுக்குத் தலைமை வகித்த கிட்டார் மேதை செட் அட்கின்ஸிடம் போனது. அட்கின்ஸ் அதைக் கலிஃபோர்னியாவில் நடந்த நிறுவன அதிகாரிகள் கூட்டத்துக்கு எடுத்துச்சென்று, பாடியவர் யார், எந்த நிறம் என்று எதுவும் சொல்லாமல் போட்டுக்காட்டினார். எல்லோருக்கும் குரல் பிடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

அவருடைய புகைப்படத்தை மறைத்தார்கள் என்பது உண்மையா?

ஆரம்பத்தில், ஆம். 1966இல் ‘தி ஸ்னேக்ஸ் கிரால் அட் நைட்’ என்ற முதல் பாடல் வெளியானபோது, புதிய பாடகர் என்றால் வானொலி நிலையங்களுக்கு வழக்கமாக அனுப்பப்படும் படமும் வாழ்க்கைக் குறிப்பும் இவர் விஷயத்தில் அனுப்பப்படவில்லை. இசைத்தட்டில் ‘கன்ட்ரி சார்லி பிரைட்’ என்று அச்சிட்டார்கள். பெயருக்கு முன்னால் இசைவகையின் பெயரையே ஒட்டவைத்ததைப் பார்க்கும்போது, நுழைவுச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டே வாசலில் நிற்பவரின் தோற்றம் எனக்கு நினைவுக்கு வருகிறது. மற்ற கன்ட்ரி பாடகர்களுக்குப் பொதுவாக, தாம் பாடுவது கன்ட்ரிதான் என்று பெயரிலேயே உறுதி சொல்லவேண்டிய தேவை இருந்ததில்லை.

முதல் இரண்டு பாடல்களும் பட்டியலில் ஏறவில்லை. மூன்றாவதான ‘ஜஸ்ட் பிட்வீன் யூ அண்ட் மீ’ ஒன்பதாம் இடம் வரை ஏறியது. முதல் நெடுந்தட்டின் (ஆல்பத்தின்) உறையில் அவர் முகமே அச்சானது; எனவே நிரந்தரமாக மறைத்துவைத்தார்கள் என்று சொல்வது மிகை. குரலுக்கு முகத்தைவிடச் சில மாதங்கள் முன்னதாக ஊருக்குள் போக வழிவிட்டார்கள் என்பதே சரியான விவரிப்பு. அந்த ஏற்பாடு வெற்றி பெற்றதை வைத்து அதை மதிநுட்பம் என்று பாராட்டுவோர் உண்டு. எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது; கேட்பவரின் வெறுப்பைத் திருத்தும் பொறுப்பு முழுவதையும் பாடுபவரின் தோளில் ஏற்றிவைத்த ஏற்பாடு அது.

மக்கள் அவரை நேரில் பார்த்தபோது என்ன நடந்தது?

அதிகம் சொல்லப்படுவது, 1966இல் டெட்ராய்ட்டின் பெரிய அரங்கு ஒன்றில் நடந்தது. பெயர் அறிவிக்கப்பட்டதும் கைதட்டல் அரங்கை நிறைத்தது. அவர் வெளிச்சத்துக்குள் வந்ததும் அது தேய்ந்து, அரங்கு முழுவதும் அமைதியானது. பிரைட் ஒலிவாங்கியின் முன் நின்று, நிரந்தரமாக வெயிலில் கறுத்த தோலோடு கன்ட்ரி மேடைக்கு வந்திருப்பது சற்று வித்தியாசமாகத்தான் இருக்கும் என்று தமக்குத் தெரியும் என்னும் பொருள்படப் பேசினார். சிரிப்பு எழுந்தது, இறுக்கம் தளர்ந்தது, பாடத் தொடங்கினார். முடிவில் கைதட்டல் திரும்பி வந்தது.

அந்த நகைச்சுவை வரியைப் பிறகு பல மேடைகளில் பயன்படுத்தினார். பாட வந்தவர், பாடுவதற்கு அனுமதி கேட்பதுபோல ஒவ்வோர் ஊரிலும் அதைச் சொல்லவேண்டியிருந்தது. சிரிக்கவைத்தவரின் திறமையைப் போற்றும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

சக பாடகர்கள் ஏற்றுக்கொண்டார்களா?

பலர் ஏற்றுக்கொண்டார்கள். வில்லி நெல்சன் தெற்கு மாநிலங்களில் தம் சுற்றுப்பயணத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார். இனவெறுப்புச் சொற்களைக் கூசாமல் பேசக்கூடியவர் என்று எச்சரிக்கப்பட்டிருந்த ஃபேரன் யங், ஓர் இரவு இவரோடு மாறி மாறிப் பாடிப் பார்த்த பிறகு நெருங்கிய நண்பரானார். 1967 ஜனவரியில் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் அவரை அறிமுகப்படுத்தியவர் எர்னஸ்ட் டப். சிறுவயதில் தந்தையின் வானொலியில் கேட்ட அதே எர்னஸ்ட் டப்.

கன்ட்ரி இசையின் முதல் கறுப்பினப் பாடகர் இவர்தானா?

இல்லை, இணையத்தில் பரவலாகக் காணப்படும் பிழை இது. கிராண்ட் ஓல் ஆப்ரியின் தொடக்ககால நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பின மவுத் ஆர்கன் கலைஞர். ரயிலின் ஓட்டத்தை அந்தச் சிறு கருவியில் அப்படியே கொண்டுவரக்கூடிய அவரை 1941இல் நிகழ்ச்சியிலிருந்து நீக்கினார்கள். அதன்பின் நாஷ்வில்லில் காலணிகளுக்கு மெருகு போடும் கடை நடத்திப் பிழைத்தார். 1962இல் ரே சார்ல்ஸ் கன்ட்ரி பாடல்களைத் தம் பாணியில் பாடிப் பெரும் வெற்றி கண்டார். ஆனால் அவர் அந்த உலகில் தங்கவில்லை. அந்த உலகுக்குள்ளேயே குடியிருந்து, அதன் உச்சிக்குச் சென்ற முதல் கறுப்பினத்தவர் என்பதே பிரைட்டுக்குப் பொருந்தும்.

அவருடைய வெற்றி எவ்வளவு பெரியது?

1969இல் ‘ஆல் ஐ ஹேவ் டு ஆஃபர் யூ இஸ் மீ’ முதலிடத்தைப் பிடித்தது. அங்கிருந்து 1983 வரை 29 முதலிடங்கள். முதல் பத்துக்குள் வந்தவை ஐம்பதைத் தாண்டும். பென் பீட்டர்ஸ் எழுதிய ‘கிஸ் அன் ஏஞ்சல் குட் மார்னிங்’ 1971இன் இறுதியில் வெளியாகி, ஐந்து வாரங்கள் கன்ட்ரி பட்டியலின் தலையில் இருந்ததோடு, பொதுப் பட்டியலிலும் 21ஆம் இடம் வரை ஏறியது. அதே 1971இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் அவரை ஆண்டின் சிறந்த கலைஞராகத் தேர்ந்தெடுத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். சிறந்த ஆண் பாடகர் விருதை 1971, 1972 என இருமுறை பெற்றார். கிராமி விருதுகள் மூன்று. பின்னர் 2017இல் கிராமியின் வாழ்நாள் சாதனையாளர் விருது. 2000இல் கன்ட்ரி இசையின் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார். அங்கும் அவரே முதல் கறுப்பினத்தவர்.

ஆப்ரியின் உறுப்பினராக 1993இல்தான் சேர்ந்தார். ஏன் இவ்வளவு தாமதம்?

அறுபதுகளின் பிற்பகுதியிலேயே அழைப்பு வந்ததாகவும், உறுப்பினர்கள் ஆண்டில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான சனிக்கிழமைகளை அங்கே கழிக்க வேண்டும் என்ற விதி தம் பயணங்களுக்கு ஒத்துவராததால் ஏற்கவில்லை என்றும் அவரே விளக்கியிருக்கிறார்.

சிவில் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில் அவர் ஏன் அரசியல் பேசவில்லை?

அவரிடம் வாழ்நாள் முழுவதும் கேட்கப்பட்ட கேள்வி இது. தம்மைக் கறுப்பினப் பாடகர் என்று சொல்லிக்கொள்ள விரும்பியதில்லை. தாம் ஓர் அமெரிக்கர், சார்லி பிரைட் என்பவர், அவ்வளவுதான் என்பதே அவருடைய மாறாத பதில். மேடையில் கொள்கை முழக்கம் எதையும் அவர் எழுப்பவில்லை.

இதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டுகளில், தெற்கு மாநிலங்களில், வெள்ளையர் மட்டுமே நிறைந்த அரங்குகளில், தனியாக நின்று காதல் பாட்டுப் பாடிய மனிதர் அவர் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதேசமயம், அவருடைய மௌனம் தொழில்துறைக்கு வசதியாக இருந்தது என்பதையும் மறுக்க முடியாது. “எங்களிடம் பாகுபாடு இல்லை, இதோ சார்லி பிரைட்” என்று காட்டுவதற்கு ஒருவர் இருந்தால் போதும், இரண்டாமவரைத் தேடவேண்டியதில்லை. 1969இல் ஆப்ரி மேடையேறிய முதல் கறுப்பினப் பெண் தனிப்பாடகி லிண்டா மார்ட்டெல் ஒரே ஒரு நெடுந்தட்டோடு ஒதுக்கப்பட்டார் என்பது இதற்குச் சான்று.

அயர்லாந்தில் அவருக்குத் தனி மதிப்பு இருப்பது ஏன்?

வட அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையிலான வன்முறை கொழுந்துவிட்ட காலத்தில், 1975இல் மயாமி ஷோபேண்ட் என்ற இசைக்குழுவினர் சாலையில் வழிமறித்துச் சுடப்பட்டு மூவர் இறந்தனர். அதன்பின் வெளிநாட்டுக் கலைஞர்கள் தலைநகரான பெல்ஃபாஸ்ட் பக்கம் வருவது அரிதாயிற்று. 1976 நவம்பரில் பிரைட் வந்து, ரிட்ஸ் திரையரங்கில் பாடினார். இரு தரப்பினரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கேட்டார்கள். ‘கிரிஸ்டல் சாண்டலியர்ஸ்’ என்ற பாடல் அமெரிக்காவில் தனிப்பாடலாக வெளியாகாதது. அங்கேயோ ஊர்கூடிப் பாடும் பாட்டாயிற்று. சொந்த நாட்டில் அரசியல் பேசாதவர் என்று விமர்சிக்கப்பட்டவரை, வேறொரு நாட்டின் பிளவுபட்ட நகரம் துணிச்சலுக்காக நினைவில் வைத்திருக்கிறது.

அவருக்கு மனநலச் சிக்கல் இருந்ததா?

இருந்தது. அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநிலைக் கோளாறால் அறுபதுகளின் பிற்பகுதி முதலே பாதிக்கப்பட்டிருந்தார். 1994இல் வெளியான தன்வரலாற்றில் இதை ஒளிக்காமல் எழுதினார்.

எண்பதுகளுக்குப் பிறகு என்ன செய்தார்?

ரசனை மாறியது; ஆர்சிஏ இளைய பாடகர்கள் பக்கம் திரும்பியது; 1986இல் அந்த நிறுவனத்தை விட்டு விலகினார். மேடைப் பயணங்கள் மட்டும் இறுதிவரை நிற்கவில்லை. 1969 முதல் டாலஸில் குடியிருந்தவருக்கு, பழைய ஆசையும் வேறு உருவில் கைகூடியது. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணியின் பயிற்சி முகாமில் பல ஆண்டுகள் வீரர்களோடு சேர்ந்து பயிற்சி செய்தார். 2010இல் அந்த அணியை வாங்கிய குழுவில் பங்குதாரரானார். பழைய பேருந்துக்காக விற்கப்பட்டவர் ஓர் அணியின் பகுதி உரிமையாளராகிவிட்டதைக் கதையாசிரியர் எழுதியிருந்தால் நம்பமாட்டோம்.

அவருக்குப் பின் கறுப்பினப் பாடகர்களுக்குக் கதவு திறந்ததா?

உடனே திறக்கவில்லை. 1983இல் ‘நைட் கேம்ஸ்’ பிரைட்டின் கடைசி முதலிடப் பாடலானது. அடுத்த கறுப்பினப் பாடகர் ஒருவர் தனியாகப் பாடிய பாட்டோடு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற 2008 வரை, டேரியஸ் ரக்கர் வரும்வரை, கால் நூற்றாண்டு காத்திருக்கவேண்டியிருந்தது.

அவருடைய மரணம் சர்ச்சைக்குள்ளானது ஏன்?

2020 நவம்பர் 11 அன்று நாஷ்வில்லில், மூடிய அரங்கில், கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விழா நடந்தது. அங்கே வாழ்நாள் சாதனையாளர் விருது பெற்று, இளம் கறுப்பினப் பாடகர் ஜிமி ஆலனோடு சேர்ந்து ‘கிஸ் அன் ஏஞ்சல் குட் மார்னிங்’ பாடினார். ஒரு மாதம் கழித்துக் கொரோனா தொற்றின் சிக்கல்களால் டாலஸில் இறந்தார். பெருந்தொற்றின் நடுவே 86 வயதுக்காரரை அழைத்திருக்க வேண்டுமா என்று சில கலைஞர்கள் வெளிப்படையாகக் கேட்டார்கள். பயணத்துக்கு முன்பும் வந்தபோதும் திரும்பிய பின்பும் எடுத்த பரிசோதனைகளில் அவருக்குத் தொற்று இல்லை என்று அமைப்பாளர்களும் அவருடைய தரப்பும் கூட்டாக விளக்கமளித்தார்கள். தொற்று எங்கிருந்து வந்தது என்பது நிறுவப்படவில்லை.

புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

எல்லோரும் ‘கிஸ் அன் ஏஞ்சல் குட் மார்னிங்’ என்பார்கள், அதில் தவறில்லை. ‘இஸ் எனிபடி கோயிங் டு சான் அன்டோன்’ அடுத்ததாக இருக்கலாம். பிறந்த மண்ணின் புழுதியை அறிய விரும்பினால் ‘மிசிசிப்பி காட்டன் பிக்கிங் டெல்டா டவுன்’ இருக்கிறது. அடிவயிற்றிலிருந்து எழும் தடித்த குரல், சொற்களை அழுத்தாமல் வைக்கும் முறை, பின்னால் இழையும் ஸ்டீல் கிட்டார் ஆகிய மூன்றையும் இவற்றில் தெளிவாகப் பிரித்துக் கேட்கலாம்.

ஆனால் என்னைக் கேட்டால், 1968இல் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த் நகரத்துப் பாந்தர் ஹாலில் கூட்டத்தின் முன் பதிவான நெடுந்தட்டை முதலில் எடுக்கச் சொல்வேன். அதில் அவர் ஹாங்க் வில்லியம்ஸின் ‘கா-லைஜா’வைப் பாடுகிறார். கடைவாசலில் நிற்கும் செவ்விந்தியர் மரச்சிலை ஒன்று, பழம்பொருள் கடைச் சிலையின் மீது காதல் கொண்டும் வாய்திறந்து சொல்ல முடியாமல் நிற்கும் கதை அது. டெக்சஸ் கூட்டம் ஆரவாரம் செய்கிறது; ஒலிப்பதிவு என்பதால் நமக்குக் குரல்கள் மட்டுமே கேட்கின்றன, முகங்கள் தெரிவதில்லை.